உயிலில் ஒரு பங்கு, குணமாகாத புற்றுநோயாளிகளுக்கு: எப்படி எழுதினால் போய்ச் சேரும்?

வைகைக்கரை

வணக்கம். வயது 67, இந்து. மதுரையில் ஒரு வீடு, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. வங்கியில் வைப்புத்தொகை 24 லட்சம். கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட். மேலூர் பக்கம் பாகம் பிரிக்காத பூர்வீக நிலம் 80 சென்ட். மனைவி, மகன், மகள் மூவரிடமும் பேசியாகிவிட்டது. யாருக்கும் மறுப்பில்லை.

இனிக் குணப்படுத்த வழியில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்கிற நிறுவனத்துக்கு உயிலில் ஒரு பங்கு எழுதி வைக்க வேண்டும். இப்போதைக்கு எழுதியிருக்கும் வரி இது:

“என் காலத்துக்குப் பிறகு என் சொத்தில் ஒரு பகுதியை, புற்றுநோயால் சாகக் கிடக்கும் ஏழைகளின் தர்ம காரியங்களுக்குச் செலவிட வேண்டும்.”

இது போதுமா? தொகையாக எழுதுவதா, பங்காக எழுதுவதா? வீட்டை மனைவி காலம் வரை அவர் அனுபவித்து, பிறகு நிறுவனத்துக்குப் போகும்படி எழுதலாமா? வலி மாத்திரை வாங்க மட்டும் என்று நிபந்தனை போட்டால் பணம் வேறு எதற்கும் போகாமல் இருக்குமா? பதிவு கட்டாயமா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால், வக்கீலிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்து போவேன்.

பத்திரக்கட்டு

ஐயா, அந்த வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒரே வரியில் நாலு ஓட்டை இருக்கிறது.

முதலாவது “தர்ம காரியங்கள்”. நமக்கு எவ்வளவு தெளிவான சொல்லோ, நீதிமன்றத்துக்கு அவ்வளவு மங்கலான சொல். 1899-இல், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், ரண்சோர்தாஸ் எதிர் பார்வதிபாய் வழக்கில், ‘தர்மத்துக்கு’ என்று மட்டும் சொல்லி எழுதிய கொடை நிச்சயமற்றது, செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. எதற்குச் செலவிட்டார்கள், சரியாகச் செலவிட்டார்களா என்று நீதிமன்றம் பார்க்க முடியாத அளவுக்கு அந்தச் சொல் அகலமாக இருக்கிறது என்பதுதான் காரணம். நீங்கள் புற்றுநோயாளிகள் என்று சேர்த்திருப்பதால் உங்கள் வரி முழுக்க விழாது என்று வாதாடலாம். ஆனால் வாதாடும் நிலைக்கே ஏன் போக வேண்டும்?

இரண்டாவது “ஒரு பகுதி”. பத்தில் ஒன்றா, பாதியா? மூன்றாவது, யாருக்கு என்று பெயரே இல்லை. நான்காவது, “செலவிட வேண்டும்” என்றால் யார் செலவிடுவது? உயிலை நிறைவேற்ற ஓர் ஆளை நியமிக்காமல் விட்டால், அந்த வேலை யாருடையது என்பதிலேயே மாதங்கள் போய்விடும்.

பெயர் விஷயத்தில் மிகக் கறாராக இருங்கள். ‘கேன்சர் டிரஸ்ட்’, ‘கேன்சர் ஃபவுண்டேஷன்’ என்று ஒரே சாயலில் பல பெயர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவான பெயர் வேறு என்றும் இருக்கும். பதிவுச் சான்றில் உள்ள முழுப்பெயர், பதிவு எண், பதிவான ஆண்டு, பான் எண், பதிவு அலுவலக முகவரி ஐந்தும் உயிலில் வர வேண்டும். முகவரி மாறும், பெயரும் மாறலாம், பான் எண் பெரும்பாலும் அப்படியே நிற்கும். கூடவே ஒரு மாற்று வாசகம் வேண்டும்: அந்த நிறுவனம் அப்போது இயங்காவிட்டால், அல்லது வேறொன்றோடு இணைந்திருந்தால், அதே பணியைச் செய்கிற வேறு நிறுவனத்துக்கு நிறைவேற்றுநர் தம் முடிவுப்படி கொடுக்கலாம் என்று. இது இல்லாவிட்டால், நிறுவனம் மூடியிருக்கும் பட்சத்தில் உங்கள் நோக்கத்தைக் காப்பாற்ற நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து, தொகையா பங்கா. மூன்று விதமாக எழுதலாம். குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட பொருள், மீதிச் சொத்தில் பங்கு. தொகை எழுதினால் விலைவாசி தின்றுவிடும். இன்று 2 லட்சம் என்று எழுதி, ஆண்டுக்கு 6 சதவீதம் விலை ஏறினால், 20 ஆண்டு கழித்து அதன் மதிப்பு இன்றைய கணக்கில் 62 ஆயிரம் சொச்சம்தான். குறிப்பிட்ட பொருள் இன்னும் ஆபத்து. “இந்த வங்கியில் இந்த எண்ணுள்ள வைப்புத்தொகை” என்று எழுதி, அந்த வைப்பு முதிர்ந்து நீங்கள் வேறு வங்கிக்கு மாற்றிவிட்டால், இறக்கும் நாளில் அந்தப் பொருள் உங்களிடம் இல்லை. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 152-ஆம் பிரிவுப்படி கொடை அத்தோடு போயிற்று. வைப்புத்தொகை ரசீது எண்ணை உயிலில் எழுதும் வழக்கத்தால்தான் பல நல்ல கொடைகள் ஒன்றுமில்லாமல் போகின்றன.

ஆகவே உங்களுக்கு ஏற்றது மூன்றாவது. கடன், மருத்துவமனைச் செலவு, ஈமச்செலவு கழித்து, குடும்பத்துக்கென்று பெயர் சொல்லி எழுதியவை போக, மீதமுள்ள சொத்தில் இத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். சொத்து ஏறினால் கொடையும் ஏறும். கடைசி நாட்களில் உங்கள் சிகிச்சைக்கே பெரும்பணம் செலவானால் கொடை தானாகக் குறையும், வீட்டுக்காரர்கள் நெருக்கடியில் மாட்ட மாட்டார்கள்.

வீடு பற்றி. மனைவிக்கு ஆயுள்காலம் வரை, பிறகு நிறுவனத்துக்கு என்று எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் 14-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. ஜீவனாம்ச உரிமைக்குப் பதிலாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்த ஆயுள்கால உரிமை முழு உரிமையாகிவிடும் என்று 1977-இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிலில் கொடுத்தால் அது முதல் உட்பிரிவில் வருமா (முழு உரிமை), இரண்டாம் உட்பிரிவில் வருமா (எழுதிய வரம்போடு மட்டும்) என்று அதற்குப் பிறகும் வழக்குகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, 20 ஆண்டுக்கு அந்த வீட்டின் வரி, மராமத்து யார் பொறுப்பு என்ற தகராறு வேறு. வீட்டை மனைவிக்கு முழுசாக எழுதிவிடுங்கள். நிறுவனத்துக்குப் பணமாகப் போகட்டும்.

பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் உயில் எழுத முடியும், அதுவும் பாகம் பிரிக்காதது. அதை நிறுவனத்துக்கு எழுதவே வேண்டாம். பிரிவினை வழக்கில் பங்காளியாகப் போய் நிற்க எந்த அறக்கட்டளைக்கும் நேரமில்லை.

நாமினி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். வங்கி வைப்புக்குத் தனிநபரைத்தான் நாமினியாகப் போட முடியும், நிறுவனத்தைப் போட முடியாது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கையில் வைத்திருப்பவரே தவிர உரிமையாளர் அல்ல. இன்ஷூரன்ஸில் 1984-இல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகளுக்கு 2023 டிசம்பரில் சக்தி யெஸ்தானி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஒரு விதிவிலக்கு: 2015 திருத்தத்துக்குப் பிறகு, ஆயுள் காப்பீட்டில் பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். ஆக, உயிலை நிறைவேற்றப்போகிற ஆளே வைப்புக்கும் நாமினியாக இருந்தால் வேலை சுலபம்.

வீடுவரும்செவிலி

உயிலின் வாசகத்தை மேலே சொல்லிவிட்டார்கள். பணம் போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நிபந்தனை எழுதும்போது அது தெரிந்திருக்க வேண்டும்.

“சாகக் கிடக்கும்” என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள் அப்பா. நோய் குணமாகாது என்பது ஒன்று, ஆள் இன்றோ நாளையோ என்று கிடக்கிறார் என்பது வேறு. மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிய பிறகும் வருடக்கணக்கில் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வலி உண்டு, வீக்கம் உண்டு, பயம் உண்டு. உங்கள் வரியைச் சொல்லுக்குச் சொல் பிடித்தால் கடைசி ஒரு வாரத்துக்குத்தான் அந்தப் பணம் பயன்படும். “குணப்படுத்த முடியாத நிலையில் உள்ள புற்றுநோயாளிகளுக்கான வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு, அவர்கள் குடும்பத்துக்கான ஆதரவு” என்று எழுதுங்கள். ‘நோய்த்தணிப்பு’ (நோயைக் குணமாக்க அல்ல, வலியையும் அவதியையும் குறைக்க) என்ற சொல் கட்டாயம் வர வேண்டும். வெறுமனே புற்றுநோய்க்கு என்று எழுதினால், பரிசோதனை முகாமுக்கும் போகலாம், ஆராய்ச்சிக்கும் போகலாம், கட்டடத்துக்கும் போகலாம். எல்லாம் நல்ல வேலைதான், ஆனால் நீங்கள் நினைத்தது அதுவல்ல.

மாத்திரைக்கு மட்டும் என்ற நிபந்தனை வேண்டவே வேண்டாம். கடும் வலிக்குக் கொடுக்கும் வாய்வழி மார்ஃபின் விலை குறைந்த மருந்து. அது நோயாளிக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணம் விலை அல்ல. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல மருத்துவமனைகள் அதை வாங்கி வைக்கவே தயங்கின. 2014 திருத்தம் வந்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் இருப்பு வைத்துக் கொடுக்கலாம் என்று வழி சுலபமானது. இன்றும் தேவைப்படுவது, அதை எழுதிக் கொடுக்கத் தெரிந்த மருத்துவரும், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகு அல்ல, வருமுன்பே என்று வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்கிற செவிலியும். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து கொடுக்காமல் மார்ஃபினை மட்டும் கொடுத்தால் நாலாம் நாள் நோயாளியே மாத்திரையை ஒதுக்கிவிடுவார். இதையெல்லாம் செய்வது ஆள். மாத்திரைக்கு என்று பூட்டி வைத்த பணம், செவிலி சம்பளத்துக்கு எடுக்க முடியாமல் கணக்கிலேயே கிடக்கும்.

வீட்டுக்குப் போகிற செவிலியின் பையைத் திறந்து பார்த்தால் பணம் எங்கே போகிறது என்று தெரியும். துணிக்கட்டு, பஞ்சு, கையுறை, உப்புநீர் பாட்டில். புண் நாற்றத்துக்குப் பொடித்து வைத்த மெட்ரோனிடசோல். வாய்ப்புற்று, மார்பகப்புற்று கன்னத்தையோ தோலையோ உடைத்து வெளியே வரும்போது அந்த நாற்றம்தான் நோயாளியை வீட்டின் பின்கட்டுக்குத் தள்ளுகிறது. பேரப்பிள்ளை பக்கத்தில் வருவதில்லை. அந்தப் பொடியைத் தூவி, தினம் கட்டு மாற்றினால் சில நாளில் நாற்றம் அடங்கி, அதே ஆள் மறுபடி முன்கூடத்துக்கு வந்து உட்காருவார். அப்புறம் சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக்குழாய், படுக்கைப்புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, கை வீக்கத்துக்கு இறுக்கிச் சுற்றும் கட்டு. இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போக ஒரு வண்டி, டீசல், ஓட்டுநர். காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் செய்கிற சிகிச்சைக்குத்தான். வீட்டில் கட்டு மாற்ற யார் பணம் கொடுப்பது? அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு உண்டு. அதனால் எத்தனையோ பேருக்கு ஆறுதல். ஆனாலும் வாரம் மூன்று முறை கட்டு மாற்ற வேண்டியவருக்கு, நடு இரவில் மூச்சுத் திணறுகிறது என்று போன் செய்கிறவருக்கு, தொண்டு நிறுவனங்களின் குழுவும் தேவைப்படுகிறது.

நன்கொடையாளர்கள் மெத்தை வாங்கித் தருவார்கள், சக்கர நாற்காலி வாங்கித் தருவார்கள், பெயர் எழுதி வைக்கலாம். சம்பளத்துக்கும் டீசலுக்கும் யாரும் மனமுவந்து கொடுப்பதில்லை. உயில் பணம் நிபந்தனை இல்லாமல் வந்தால் அந்த ஓட்டையைத்தான் அது அடைக்கும்.

இன்னொன்று, ‘கார்ப்பஸ்’. அசலைத் தொடாதே, வட்டியை மட்டும் செலவிடு என்று எழுதுகிற வழக்கம். நிரந்தரமாக இருக்கும் என்று கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போடுங்கள்: 10 லட்சம், ஆறரை சதவீதம் வட்டி, வருடத்துக்கு 65 ஆயிரம், மாதத்துக்கு 5,400 சொச்சம். ஒரு செவிலியைக் கூட நிறுத்த முடியாது. அதே 10 லட்சத்தை நேராகச் செலவிட்டால், மாதம் 25 ஆயிரம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு செவிலிக்கு 40 மாதச் சம்பளம். பெரிய தொகை, பெரிய நிறுவனம் என்றால் கார்ப்பஸ் சரி. உங்கள் அளவுக்கு, அசலையும் செலவிடலாம் என்று எழுதுவதுதான் நோயாளிக்கு நல்லது என்பது என் கருத்து.

தொகை சிறியது என்று யாரும் தயங்க வேண்டாம். லண்டனில் 1948-இல், குணமாகாத புற்றோடு கிடந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி, தன்னைப் பார்த்துக்கொண்ட சிசிலி சாண்டர்ஸ் அம்மையாருக்கு 500 பவுண்டு எழுதி வைத்தார். உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்றார். இல்லம் என்று ஒன்று அப்போது கிடையாது, எண்ணம் மட்டும்தான். அது 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸாகத் திறந்தது. நாம் இன்று செய்கிற வேலைக்கே மூலம் அந்த இல்லம்.

வைகைக்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. மாத்திரை நிபந்தனையும் வீட்டு யோசனையும் கைவிட்டாகிவிட்டது. நிறுவனத்தை எப்படிச் சரிபார்ப்பது? வருமான வரிச் சலுகை ஏதும் உண்டா? மலேசியக் குடியுரிமை பெற்ற தம்பியும் இதே போல எழுத நினைக்கிறார். கிறிஸ்தவ நண்பர் ஒருவர், எங்களுக்கு இப்படி எழுதச் சட்டத் தடை உண்டாமே என்கிறார். அதுவும் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஐந்தொகை

கணக்குப் பக்கம் என் பங்குக்கு.

வரிச் சலுகை: உயில் மூலம் போகிற பணத்துக்கு, 80ஜி என்று சொல்கிற நன்கொடைக்கான வரிக் கழிவு உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் இருக்கும்போது கொடுத்தால்தான் உண்டு. இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது, ஆகவே உயில் கொடையால் மிச்சமாகிற வரி என்று ஒன்றும் நம் நாட்டில் இல்லை. இங்கிலாந்துக் கட்டுரைகளைப் படித்துவிட்டு வாரிசு வரி குறையும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். சலுகையும் வேண்டும் என்றால், ஒரு பகுதியை இப்போதே ஆண்டுதோறும் வங்கி வழியாகக் கொடுங்கள். அந்த நிறுவனம் எப்படி நடக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் அதைவிடச் சிறந்த சரிபார்ப்பு கிடையாது.

கேட்டு வாங்க வேண்டியவை: பதிவுப் பத்திரத்தின் நகல், 12ஏ (நிறுவனத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி பதிவுச் சான்று, கடந்த மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. பொது அறக்கட்டளையா, 1975 தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவான சங்கமா, 2013 கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவு நிறுவனமா என்பதைப் பாருங்கள். எந்த வடிவமும் தவறில்லை, உயிலில் சரியாகக் குறிப்பிட வேண்டும், அவ்வளவுதான். வரிப் பதிவுகள் இப்போது நிரந்தரமல்ல, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியவை. அதனால் சான்றின் எண்ணை மட்டும் பார்க்காமல் செல்லுபடியாகும் ஆண்டையும் பாருங்கள். தணிக்கை அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது செலவுப் பக்கம். செவிலியர் சம்பளம், மருந்து, வண்டி ஆகியவற்றில் போகிறதா, விழாவிலும் விளம்பரத்திலும் போகிறதா என்று ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். நோயாளிகளிடம் கட்டணம் வாங்குகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மும்பையில் 1986-இல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன்தான் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ். பெங்களூரு கருணாஷ்ரயா, சென்னை ஜீவோதயா, திருவனந்தபுரத்தில் 2003 முதல் இயங்கும் பாலியம் இந்தியா என்று அறியப்பட்ட நிறுவனங்கள் உண்டு. சில படுக்கை வசதியோடு, சில வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவை. உங்கள் மாவட்டத்திலேயே வீட்டுக்குப் போகிற சிறு குழு இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

தம்பி விஷயம் தனி. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் வேலை பார்த்து அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால் ஆகும், அவர் தமிழர் என்பதாலோ ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருப்பதாலோ மாறாது. வாங்கும் நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இருக்க வேண்டும், பணம் முதலில் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதன் குறிப்பிட்ட கணக்குக்கு வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. உயில் எழுதும் நாளில் பதிவு இருந்து, பணம் வரும் நாளில் ரத்தாகியிருந்தால் பணம் நடுவழியில் நிற்கும். எனவே அவருடைய உயிலில் மாற்று நிறுவனத்தின் பெயர் மிக அவசியம். கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பணியைச் செய்கிறது. அங்குள்ள சொத்தை அங்கேயே கொடுத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இரண்டு நாட்டிலும் சொத்து வைத்து இரண்டு உயில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: “இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்” என்ற வழக்கமான வரி, மற்ற நாட்டு உயிலையும் சேர்த்துக் கொன்றுவிடும். “இந்தியச் சொத்தைப் பொறுத்தவரை” என்று வரையறுத்து எழுத வேண்டும்.

கிறிஸ்தவ நண்பர் கேள்விப்பட்டது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் பழைய 118-ஆம் பிரிவு. நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கு எழுதினால், இறப்பதற்கு 12 மாதத்துக்கு முன்பே எழுதி, ஆறு மாதத்துக்குள் பாதுகாப்பில் வைத்திருக்க வேண்டும் என்றிருந்தது. 2003-இல் ஜான் வல்லமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று நீக்கிவிட்டது. தடை இல்லை. முஸ்லிம் நண்பர்கள் படித்தால், உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரம்பு உண்டு: ஈமச்செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வஸிய்யத் (உயில் கொடை) செய்தால், அந்த அதிகப்படிக்கு வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பத்திரக்கட்டு

பதிவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டாயமில்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். ஆனால் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவு சொல்கிற இரண்டு சாட்சிகள் இல்லாவிட்டால் அது உயிலே அல்ல. சாட்சிகள் இருவரும் நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துத்தான் என்று நீங்கள் சொல்லக் கேட்க வேண்டும். பிறகு உங்கள் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். பத்திரம் எழுதியவர் அடியில் போடுகிற கையெழுத்தைச் சாட்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்களைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள். பின்னால் உயிலை நிரூபிக்க வேண்டி வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வர வேண்டும். கொடை பெறும் நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ சாட்சியாக இருக்கவே கூடாது. உயிலை எழுதவும் அவர்கள் கூட வர வேண்டாம். லாபம் பெறுகிறவர் உயில் தயாரிப்பில் கைவைத்தால், அந்தச் சந்தேகத்தை நீக்குகிற பொறுப்பு அவர் தலையில் விழும் என்பது 1959 வெங்கடாசல ஐயங்கார் வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட விதி.

கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்யுங்கள். இரண்டு சாட்சிகளோடும் அடையாள அட்டைகளோடும் சார்பதிவாளர் அலுவலகம் போனால் முடிந்தது. நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யப் பதிவுச் சட்டம் 31-ஆம் பிரிவில் இடமுண்டு. உயில், அலுவலகத்தில் உயில்களுக்கென்று உள்ள மூன்றாம் புத்தகத்தில் ஏறும். நீங்கள் இருக்கும்வரை அதன் நகல் உங்களுக்கோ உங்கள் முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் கிடைக்காது. நல்லதுதான், ஆனால் இதில் ஒரு வில்லங்கம்: வில்லங்கச் சான்றில் உயில் வராது. உயில் இருப்பதே தெரியாமல், வாரிசுச் சான்றிதழை வைத்து எல்லாம் பிரித்த பிறகு அலமாரியில் உயில் கிடைப்பது அப்படித்தான். நிறைவேற்றுநருக்கும் மகனுக்கும் மகளுக்கும் பதிவு எண், ஆண்டு, அலுவலகம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள், தொகை சொல்ல வேண்டியதில்லை.

நிறைவேற்றுநராக நிறுவனத்தை நியமிக்காதீர்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 223-ஆம் பிரிவுப்படி, விதிகளுக்கு உட்பட்ட கம்பெனி தவிர, நபர்கள் கூடிய அமைப்புக்கு ப்ரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கிடைக்காது. மகளையோ மகனையோ நியமித்து, அவருக்குப் பதில் இன்னொருவரையும் எழுதுங்கள். ப்ரொபேட் சென்னை நகர எல்லைக்குள் இருந்த சொத்துக்கு நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. அந்த 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. உங்கள் சொத்து மதுரையில், ஆகவே முன்பும் கட்டாயம் இருந்ததில்லை. ஆனாலும் தகராறு வந்தால் ப்ரொபேட் வாங்கிவிடுவது நிம்மதி.

காலக்கெடுவையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். இறந்த நாளிலிருந்து ஓராண்டு வரை நிறைவேற்றுநர் கொடைகளைக் கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, 337-ஆம் பிரிவு. கடன்களைத் தீர்க்கத்தான் அந்த அவகாசம். அவசரப்பட்டு முதலில் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு கடன் முளைத்தால் பொறுப்பு அவர் தலையில்.

வைகைக்கரை

எல்லாம் சேர்த்து மறுபடி எழுதியது. பார்த்துச் சொல்லுங்கள்:

“மதுரை வீட்டை என் மனைவிக்கு முழு உரிமையாகவும், மேலூர் பூர்வீக நிலத்தில் எனக்குள்ள பங்கை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகவும் கொடுக்கிறேன். என் கடன், மருத்துவச் செலவு, ஈமச்செலவு போக மீதிப் பணத்தில் 85 சதவீதம் என் மனைவிக்கும், 15 சதவீதம் ______ என்ற பதிவு பெற்ற அறக்கட்டளைக்கும் (பதிவு எண், ஆண்டு, பான் எண், முகவரி) சேர வேண்டும். குணப்படுத்த முடியாத நிலையில் உள்ள புற்றுநோயாளிகளின் வலி மற்றும் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கும் அவர்கள் குடும்ப ஆதரவுக்கும், ஊழியர் சம்பளம், வாகனச் செலவு உட்பட, அசலையும் செலவிடலாம். அந்நிறுவனம் அப்போது இயங்காவிட்டால் அல்லது பெற முடியாத நிலையில் இருந்தால், இதே பணி செய்யும் வேறொரு நிறுவனத்துக்கு நிறைவேற்றுநர் கொடுக்கலாம். நிறைவேற்றுநராக என் மகளையும், அவரால் இயலாவிட்டால் என் மகனையும் நியமிக்கிறேன்.”

பத்திரக்கட்டு

இப்போது உயில் மாதிரி இருக்கிறது ஐயா. இரண்டு திருத்தம். “மீதிப் பணத்தில்” என்று எழுதினால் மியூச்சுவல் ஃபண்ட் பணமா இல்லையா என்று ஒருவர் கேட்பார். “அசையும் அசையாச் சொத்து உட்பட, மேலே சொல்லாத மீதிச் சொத்து அனைத்திலும்” என்று மாற்றுங்கள். அதோடு “அவற்றை விற்றுப் பணமாக்கிக் கொடுக்க நிறைவேற்றுநருக்கு அதிகாரம் உண்டு” என்று ஒரு வரி. அடுத்தது, மனைவி உங்களுக்கு முன்பே காலமானால் வீடும் அந்த 85 சதவீதமும் யாருக்கு என்று இல்லை. மகனுக்கும் மகளுக்கும் சமமாக என்று சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பங்குகளைப் பற்றி மட்டும் ஒரு வழக்கு வரும், அது முடியும்வரை 15 சதவீதமும் நகராது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போடுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அதைவிட அந்தப் பக்கத்தையே மறுபடி அச்சடித்துவிடுவது மேல்.

வீடுவரும்செவிலி

“வாகனச் செலவு உட்பட” என்று சேர்த்ததற்கு நன்றி அப்பா. பராமரிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் “வீட்டிலும் உள்நோயாளியாகவும்” என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். இன்று வீட்டுக்குப் போகிற நிறுவனம் நாளை பத்துப் படுக்கை போடலாம், படுக்கை வைத்திருக்கிற நிறுவனம் வண்டி வாங்கலாம். எந்தப் பக்கம் தேவை இருக்கிறதோ அந்தப் பக்கம் பணம் போகட்டும்.